மெஜேவும் மஜாவும்: ஆம்பூர் அடுப்படியில் ஒரு கிரேக்கத் தட்டு

கிரேக்க நாட்டில் சாப்பாட்டுக்கு முன்னால் சின்னச் சின்னத் தட்டுகளில் நாலைந்து வகை கொண்டுவந்து வைப்பார்கள். சுட்ட கத்தரிக்காய் மசியல், வெள்ளரி போட்ட கெட்டித் தயிர், கறி உருண்டை, திராட்சை இலையில் சுருட்டிய சோறு, ஒரு துண்டு பாலாடைக்கட்டி, கொஞ்சம் ஆலிவ் காய். வயிறு நிறைவதற்காக வைப்பது இல்லை. பேசிக்கொண்டே கொறிப்பதற்காக. இந்தத் தட்டுகளுக்கு 'மெஜே' என்று பெயர். சொல் கிரேக்கம் இல்லை. துருக்கி மொழியிலிருந்து கிரேக்கத்துக்குப் போனது. துருக்கிக்கு அது பாரசீகத்திலிருந்து வந்தது. பாரசீகத்தில் 'மஜே' என்றால் ருசி.

இந்த இடத்தில் ஆம்பூர்க்காரர்கள் நிமிர்ந்து உட்காரலாம். அதே பாரசீகச் சொல்தான் உருதுவில் 'மஜா'. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் ஒரு நாளில் எத்தனை முறை இந்தச் சொல் காதில் விழும் என்று கணக்கே கிடையாது. உருது தெரியாத நாமும் "செம மஜாப்பா" என்கிறோம். ஏதென்ஸ் நகரத்து உணவகப் பலகையில் இருக்கும் சொல்லும், ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும் பையன் வாயில் இருக்கும் சொல்லும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

சொல் ஒன்றாக இருந்தால் தட்டும் ஒன்றாக இருக்குமா? இதைப் பார்த்துவிடுவது என்று ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் ஒரு விளையாட்டு ஆரம்பித்தோம்.

விளையாட்டின் விதிகள்

விதிகள் மூன்று. ஒன்று, ஆலிவ் எண்ணெய் தவிர மற்ற எல்லாப் பொருளும் நம்மூர்ப் பக்கத்துக் கடைகளிலும் சந்தையிலும் கிடைப்பதாக இருக்க வேண்டும். இரண்டு, ஒவ்வொரு கிரேக்கத் தட்டுக்கும் நம் பக்கத்தில் ஒரு சொந்தக்காரரைக் கண்டுபிடிக்க வேண்டும். மூன்று, அந்தச் சொந்தம் எப்படி வந்தது என்று சொல்ல ஆதாரம் காட்ட வேண்டும். 'கேட்க ஒரே மாதிரி இருக்கு' என்பது செல்லாது. மூன்றாவது விதிக்கு என் மகள்தான் நடுவர். ப்ளஸ் டூ படிப்பவள், ஈவு இரக்கம் பார்ப்பதில்லை.

மென்பொருள்காரன் என்பதால் இதற்கும் ஒரு எக்செல் தாள் போட்டேன். மூன்று பத்திகள். இங்கிருந்து அங்கே போனது. அங்கிருந்து இங்கே வந்தது. இரண்டு பேரும் மூன்றாமவரிடம் வாங்கியது. முதல் பத்திதான் நீளமாக வரும் என்று வீட்டில் எல்லோரும் எதிர்பார்த்தோம். எந்தப் பத்தி நீண்டது என்பதுதான் இந்தக் கட்டுரை.

கத்தரிக்காய்: போனதற்கு நல்ல ஆதாரம்

முதல் தட்டு 'மெலிட்சானோசலாத்தா'. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கத்தரிக்காயை நெருப்பில் தோல் கருகும்வரை சுட்டு, உரித்து, மசித்து, பூண்டு, உப்பு, எலுமிச்சைச் சாறு, ஆலிவ் எண்ணெய் விட்டுப் பிசைவது. அவ்வளவுதான். தேங்காயும் தாளிப்பும் இல்லாத சுட்ட கத்தரிக்காய்ப் பச்சடி என்று சொல்லிவிடலாம்.

எங்களுக்குக் காய்க்குப் பஞ்சமில்லை. வேலூர் மாவட்டம் இலவம்பாடியின் முள் கத்தரிக்காய் இந்தப் பக்கத்துச் சந்தைகளில் பிரபலம். செடியிலும் இலையிலும் காம்பிலும் முள் இருக்கும். பார்த்துப் பிடிக்காவிட்டால் விரல் போய்விடும். 2023இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கிரேக்கத்தில் பெலோபொனீஸ் பகுதியின் கிழக்குக் கரையில் லியோனிடியோ என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே ஊதாவில் வெள்ளைக் கோடு ஓடும் நீளக் கத்தரிக்காய் விளையும். அதற்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஊர்ப்பெயர்ப் பாதுகாப்பு உண்டு. கோடையில் கத்தரிக்காய்க்கே திருவிழா எடுக்கிறார்கள். ஒரே செடியின் இரண்டு கோடியிலும் "இது எங்க ஊர்க் காய்" என்று பட்டயம் மாட்டிவைத்திருக்கிறோம்.

ஆனால் பழைய கிரேக்கர்களுக்குக் கத்தரிக்காயே தெரியாது. பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆசியச் செடியான அது, அரேபியர்கள் வழியாக 7ஆம் நூற்றாண்டுக்குப் பிறகுதான் மத்தியதரைக் கடல் பக்கம் பரவியது. சொல்லும் செடியோடு சேர்ந்தே நடந்தது. வடமொழியில் 'வாதிங்கண', பாரசீகத்தில் 'பாதிங்கான்', அரபியில் 'பாதிஞ்சான்', துருக்கியில் 'பத்லிஜான்'. இத்தாலியர் வாயில் அது 'மெலன்சானா' ஆனது, கிரேக்கர் வாயில் 'மெலிட்சானா'. ஸ்பெயின் வழியாகப் போன கிளை பிரெஞ்சில் 'ஓபர்ஜீன்' ஆனது. போர்த்துகீசியரின் 'பெரிஞ்செலா' கப்பலேறி இந்தியாவுக்கே திரும்பி வந்து இந்திய ஆங்கிலத்தின் 'பிரிஞ்சால்' ஆனது. கிளம்பிய நாட்டுக்கே வேறு பாஸ்போர்ட்டில் திரும்பி வந்த சொல் இது.

தமிழில் கத்தரிக்காய்க்குப் பழைய பெயர் வழுதுணங்காய், வழுதலை. அந்த வடமொழிச் சொல்லுக்கும் இந்தத் திராவிடச் சொல்லுக்கும் தொடர்பு உண்டு என்று கருதும் மொழியியலாளர்கள் இருக்கிறார்கள். ஒளவையார் பெயரில் வழங்கும் ஒரு தனிப்பாடல், புல்வேளூர்ப் பூதன் என்பவர் போட்ட சாப்பாட்டைப் புகழ்கிறது. வரகரிசிச் சோறு, வாட்டிய வழுதுணங்காய், நன்றாகப் புளித்த மோர். (வேளூர் வேறு, வேலூர் வேறு. ஊர்ப்பாசத்தில் ஒட்டவைக்க வேண்டாம்.) நெருப்பில் வாட்டிய கத்தரிக்காயும் புளித்த பாலும் பக்கத்தில் பக்கத்தில். கிரேக்க மெஜே மேசையில் இன்றைக்கும் இந்த இரண்டும்தான் முதலில் வந்து உட்காருகின்றன.

இதற்குப் போனவை பத்தியில் தாராளமாக டிக் போட்டோம். நடுவரும் ஒப்புக்கொண்டார்.

தயிர்: அம்மாவின் தீர்ப்பு

இரண்டாவது 'ட்ஸாட்ஸிகி'. ஒரு லிட்டர் தயிரை மெல்லிய துணியில் கட்டி ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டால் நீர் வடிந்து பாதிக்குக் குறைவாகக் கெட்டித் தயிர் நிற்கும். வெள்ளரிக்காயைத் துருவி உப்புப் போட்டுப் பிழிந்து அதில் சேர்க்க வேண்டும். இரண்டு பல் பூண்டு நசுக்கி, கொஞ்சம் வினிகர், ஆலிவ் எண்ணெய். மேலே சதகுப்பைக் கீரை தூவுவார்கள். பெங்களூரில் 'சப்பசிகே' என்று கட்டுக் கட்டாக விற்கிறார்களே, அதுதான். கிடைக்காத வாரம் புதினா.

அம்மா ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டார். "இதுக்குப் போய் ராத்திரி பூரா குழாய்ல துணியைக் கட்டித் தொங்கவிட்டியாடா? பிரியாணிக்கு வைக்கிற பச்சடிதானே இது!"

அம்மா சொன்னதில் தப்பில்லை. ஆம்பூர் பிரியாணியைத் தனியாக யாரும் வைக்க மாட்டார்கள். சீரகச் சம்பா அரிசி, காய்ந்த மிளகாய் அரைத்த விழுது, தயிர், ஆட்டுக்கறி என்று செய்த பிரியாணிக்குப் பக்கத்தில் இரண்டு துணை கட்டாயம். ஒன்று வெங்காயத் தயிர்ப் பச்சடி. இன்னொன்று புளிப்பாகச் செய்த கத்தரிக்காய். உருது பேசும் வீடுகளில் அதைக் 'கட்டா' என்பார்கள், புளிப்பு என்று அர்த்தம். கொழுப்பும் காரமும் உள்ள இறைச்சிக்கு எதிரில் ஒரு தயிர், ஒரு கத்தரிக்காய், ஒரு புளிப்பு. கிரேக்கர்களும் இதே கணக்கைத்தான் போட்டிருக்கிறார்கள். புளிக்குப் பதில் எலுமிச்சையும் வினிகரும்.

ட்ஸாட்ஸிகி என்ற பெயர் துருக்கியின் 'ஜாஜிக்'. அதுவும் தயிரில் வெள்ளரி போட்டதுதான், ஆனால் தண்ணீராக இருக்கும். வெள்ளரி மட்டும் நம் பக்கத்து ஆள். இமயமலை அடிவாரக் காட்டு இனத்திலிருந்து இந்தியாவில் பயிரானது. இன்று நாம் சாலடுக்கு நறுக்கும் வெள்ளரி இடைக்காலத்தில்தான் ஐரோப்பா போனது என்றும், பழைய கிரேக்கர்கள் எழுதிவைத்த 'சிகுவோஸ்' முலாம்பழ இனத்தைச் சேர்ந்த நீளக் காய் என்றும் தாவர வரலாற்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இதில் நமக்குச் சிரமமே இல்லை. நம்மூர் வெள்ளரிப்பழமும் அந்த முலாம்பழ இனம்தான்.

ஆக, வெள்ளரி போனது. பெயர் துருக்கியில் பிறந்தது. தயிரை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மாடும் ஆடும் வளர்த்த இடமெல்லாம் அது தானாக உறைந்திருக்கும். தாளில் ஒரே வரியை மூன்றாகப் பிரிக்க வேண்டியதாயிற்று.

கீமா: தாளின் மூன்றாவது பத்தி

மூன்றாவது தட்டில்தான் எங்கள் கணக்கு கவிழ்ந்தது. 'கெஃப்தேதெஸ்' என்பது கிரேக்கக் கறி உருண்டை. கொத்துக்கறியில் ஊறவைத்துப் பிழிந்த ரொட்டி, துருவிய வெங்காயம், புதினா, ஒரு முட்டை, உப்பு, மிளகு சேர்த்துப் பிசைந்து உருட்டி, மாவில் புரட்டி எண்ணெயில் பொரிப்பது. நம் கோலா உருண்டையில் ரொட்டிக்குப் பதில் பொட்டுக்கடலை மாவு. அவர்கள் போடும் ஓரிகானோ இங்கே காயவைத்துப் பொட்டலத்தில்தான் வரும். நாங்கள் தொட்டியில் இருந்த கற்பூரவல்லி இலை இரண்டைப் பொடியாக நறுக்கிப் போட்டோம். வாசனை கிட்டத்தட்ட அதேதான். இரண்டு செடியிலும் கார்வக்ரால் என்ற வாசனை எண்ணெய் இருக்கிறது. ஓமத்தின் தைமாலும் அதற்கு ஒன்றுவிட்ட தம்பி.

கொத்துக்கறிக்குக் கிரேக்கச் சொல் என்ன என்று பார்த்தேன். 'கிமாஸ்'. நம்ம கீமா! பொடியாகக் கொத்துவதைக் குறிக்கும் துருக்கி வினையிலிருந்து 'கிய்மா' பிறந்தது. அது ஒரு பக்கம் கிரேக்கத்துக்குப் போய் கிமாஸ் ஆனது, இன்னொரு பக்கம் பாரசீகம், உருது வழியாக ஆம்பூர் கறிக்கடைக்கு வந்தது. கெஃப்தேதெஸ் என்பது கோஃப்தா. 'இடித்தது' என்று பொருள்படும் பாரசீகச் சொல். அதற்குப் பிறகு சரம் சரமாக வந்தன. அவர்களின் பிலாஃபி, இங்கே புலாவ். அவர்களின் யாஹ்னி, இங்கே யக்னி. ஹல்வாஸ், அல்வா. ட்ஸாய், சாய். கிரேக்க நகரங்களில் நடுராத்திரிக்கு மேல் திறந்திருக்கும் கடைகளில் குடலும் காலும் போட்டுக் காய்ச்சிய 'பட்ஸாஸ்' சூப்பு பிரபலம். துருக்கி வழியாக வந்த பாரசீகப் 'பாச்சா'தான் அது, சின்னக் கால் என்று அர்த்தம். விடியற்காலையில் இடியாப்பத்துக்கு விட்டுக்கொள்ளும் நம்ம பாயாவிலும் இருப்பது அதே பாரசீகக் கால்.

இந்தச் சொற்களில் ஒன்றைக்கூட நாம் கிரேக்கருக்குக் கொடுக்கவில்லை. அவர்களும் நமக்குக் கொடுக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே கடையில் வாங்கியிருக்கிறோம். அந்தக் கடைக்குப் பாரசீகம், துருக்கி என்று பெயர்.

நம் பக்கம் அது எப்படி வந்தது என்பதற்கு ஊரிலேயே சாட்சி இருக்கிறது. ஆற்காடு நவாபுகளின் அரசவை மொழி பாரசீகம். அவர்களின் படை, கணக்கு, கடிதம், சமையல் எல்லாம் அந்த மொழியின் நிழலில் நடந்தன. 1749 ஆகஸ்ட் 3 அன்று நவாப் அன்வருதீன் கான் போரில் இறந்தது ஆம்பூரில்தான். சந்தா சாகிபும் முசாபர் ஜங்கும் பிரெஞ்சுக்காரர்களோடு சேர்ந்து ஒரு பக்கம், அவர் மறுபக்கம். பாடப்புத்தகத்தில் இரண்டாம் கர்நாடகப் போர் என்று ஒரு வரியில் முடிந்துவிடும். நவாபு போனார், ஆட்சி போனது. தக்கினி உருது பேசும் அடுப்படிகள் பாலாற்றங்கரையில் தங்கிவிட்டன. பிரியாணியும் கீமாவும் யக்னியும் அங்கிருந்து எல்லார் வீட்டுக்கும் பரவின.

கிரேக்கர்கள் பக்கம் அது வந்த கதை இன்னும் கசப்பானது. பல நூறு ஆண்டுகள் ஒட்டோமான் ஆட்சியில் ஒரே ஊரில் கிரேக்கரும் துருக்கியரும் ஒரே சந்தையில் வாங்கிச் சமைத்தார்கள். பிறகு 1923இல் லொசான் ஒப்பந்தத்தின்படி மக்கள் பரிமாற்றம். துருக்கியிலிருந்த சுமார் 12 லட்சம் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கும், கிரேக்கத்திலிருந்த சுமார் 4 லட்சம் முஸ்லிம்கள் துருக்கிக்கும் என்று கணக்கு முடித்தார்கள். மதத்தை வைத்து ஆளைப் பிரித்தார்கள். வீட்டையும் நிலத்தையும் விட்டுவந்த அகதிகள் சீரகம் போட்ட கறி உருண்டையையும் மெஜே மேசையையும் கையோடு கொண்டுவந்தார்கள். ஸ்மிர்னா நகரத்துப் பெயரிலேயே ஒரு கறி உருண்டை இன்றும் கிரேக்கத்தில் இருக்கிறது. அந்த நகரம் இன்று துருக்கியின் இஸ்மிர்.

எங்கள் கெஃப்தேதெஸில் ஒரு பங்கை நண்பன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். அவனுடைய அம்மா உருது பேசுபவர். ஒரு உருண்டையைத் தின்றுவிட்டு போனில் கேட்டார். "மஜா ஆயா, பேட்டா. எங்க கோஃப்தாவுல புதினா ஜாஸ்தி போட்டிருக்கே, யார் செஞ்சது?" கிரேக்கம் என்று சொன்னால் நம்பவில்லை.

யவனர் தின்றது வேறு

இங்கே ஒரு கேள்வி வரும். சங்க காலத்திலேயே யவனர்கள் நம் துறைமுகங்களுக்கு வந்தார்களே, அப்போது ஏதும் கொடுக்கல் வாங்கல் இல்லையா?

நிறைய உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில் எகிப்திலிருந்த ஒரு வணிகர் கிரேக்க மொழியில் எழுதிய 'எரித்ரேயக் கடல் பயணக் குறிப்பு' முசிறியையும் பொதுகே என்ற துறைமுகத்தையும் சொல்கிறது. பொதுகே புதுச்சேரிப் பக்கம் என்பது பொதுவான கருத்து. அங்கே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது மத்தியதரைக் கடல் நாடுகளின் இரட்டைக்காது ஜாடித் துண்டுகள் கிடைத்தன. திராட்சை மது, ஆலிவ் எண்ணெய், மீனை உப்பில் ஊறவைத்து எடுத்த கரம் என்ற குழம்பு ஆகியவை வந்த ஜாடிகள் அவை என்று பின்னால் ஆராய்ந்தார்கள். யவனர் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள மதுவைப் பாண்டியன் நன்மாறன் குடிப்பதைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் பாடியிருக்கிறார். அந்தப் பக்கம், எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில் ஒரு கோயில் முற்றத்தில் இந்திய ஜாடி நிறைய மிளகு கிடைத்தது. ஏழரைக் கிலோ. இரண்டாயிரம் வருடம் ஆகியும் மிளகு மிளகாகவே இருந்தது.

அப்படியானால் ஒரு யவன மாலுமிக்குக் கொறிக்க என்ன வைக்கலாம்? இன்றைய கிரேக்கத் தட்டில் பாதியை எடுத்துவிட வேண்டும். கத்தரிக்காய் இல்லை. தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய் அமெரிக்காவிலிருந்து இன்னும் வரவில்லை. ஆலிவ், அத்தி, பாலாடைக்கட்டி, ரொட்டி இருக்கும். பிளேட்டோ தன் 'குடியரசு' நூலில் மதுவோடு கொறிக்கச் சொல்லும் பொருள்களில் அத்திப்பழமும் கொண்டைக்கடலையும் இருக்கின்றன. வறுத்த கடலை! யவன மாலுமிக்குப் பொட்டலத்தில் கொடுத்தால் ஊர் ஞாபகம் வந்திருக்கும்.

இந்தப் பகுதியில்தான் மூன்றாவது விதி கடுமையாக வேலை செய்தது. கிரேக்கத்தின் 'ஒரூசா' தமிழின் அரிசிதான் என்று எங்கள் சொந்தக்காரர் குழுவில் ஆண்டுக்கு நாலு தடவை ஃபார்வர்டு வரும். நடுவர் ஆதாரம் கேட்டார். தேடினால், கிரேக்கத்துக்கு அரிசி தெரியவந்தது அலெக்சாண்டர் காலத்து நிலவழியில், பாரசீகத்து ஊடாக. ஈரானிய மொழிகளில் உள்ள அரிசிச் சொற்களோடுதான் அதை மொழியியலாளர்கள் பெரும்பாலும் சேர்க்கிறார்கள். அரிசிக்கு டிக் கிடைக்கவில்லை. இஞ்சிக்குக் கிடைத்தது. கிரேக்கத்தின் 'சிங்கிபெரி' பிராகிருதத்தின் 'சிங்கிவேர'. அதற்குள்ளே திராவிட இஞ்சியும் வேரும் இருக்கிறது என்பது நன்கு ஏற்கப்பட்ட கருத்து. எல்லாமே தமிழிலிருந்து போனது என்று சொன்னால், உண்மையிலேயே போன இஞ்சியையும் யாரும் நம்ப மாட்டார்கள். அதுதான் எனக்கு வருத்தம்.

கடன் வாங்காமலே ஒத்துப்போன ஒன்றும் மாட்டியது. எள்ளின் நெய் எண்ணெய். பிறகு எந்த வித்தைப் பிழிந்தாலும் எண்ணெய்தான், தேங்காய் எண்ணெய் உட்பட. அங்கே ஆலிவுக்குப் பெயர் 'எலாயா', அதன் நெய் 'எலாயோன்'. அது லத்தீனில் 'ஒலேயம்' ஆகி ஆங்கிலத்தில் 'ஆயில்' ஆனது. இன்று இன்ஜினுக்கு ஊற்றுவதும் ஆயில். ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பியடிக்கவில்லை. வீட்டில் எது நிறைய இருந்ததோ அதன் பெயரையே எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டார்கள்.

தோலும் பாலாடைக்கட்டியும்

தோல் ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட முடியாது. கிரேக்கத்தில் 'தூலுமோதீரி' என்று ஒரு பாலாடைக்கட்டி உண்டு. ஆட்டுத்தோலைச் சுத்தம் செய்து, உப்பிட்டு, பையாகக் கட்டி, அதற்குள் உறைந்த பாலை அடைத்து மாதக் கணக்கில் பழுக்கவிடுவார்கள். தோல் காற்றை அளந்து விடும், ஈரத்தை மெல்ல இழுக்கும். உப்பு கெடாமல் காக்கும். டேனரியில் வேலை பார்த்த யாரிடமும் இதை விளக்க வேண்டாம். பச்சைத்தோல் வந்து இறங்கியதும் முதல் வேலை உப்புத் தடவுவதுதான். அதற்கப்புறம் நாம் ஆவாரம் பட்டை, கடுக்காய் என்று போய், இப்போது குரோமியத்துக்கு வந்துவிட்டோம். மலை மேய்ப்பன் உப்போடு நின்றுவிட்டு உள்ளே பாலை ஊற்றினான்.

நமக்குத் தெரிந்த ஃபெட்டா, உப்புநீரில் போட்டுவைக்கும் கட்டி. செம்மறிப் பால், அதில் வெள்ளாட்டுப் பால் 30 சதவீதம் வரை கலக்கலாம். 2002இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பெயரைக் கிரேக்கத்துக்கு மட்டும் என்று பதிவு செய்தது. ஜெர்மனியும் டென்மார்க்கும் வழக்குப் போட்டன. 2005இல் கிரேக்கம் ஜெயித்தது. உலகத்தில் வேறு யாரும் வைக்கக் கூடாது என்று போராடி வாங்கிய அந்தப் பெயர் எந்த மொழி தெரியுமா? இத்தாலி மொழியில் 'ஃபெத்தா' என்றால் துண்டு. அதிலிருந்து வந்தது.

நாங்கள் பனீரைக் கெட்டியாக அழுத்தி, இரண்டு நாள் மோர்த்தெளிவும் உப்பும் கலந்த நீரில் ஊறவைத்தோம். சட்டப்படி அதற்கு ஃபெட்டா என்று பெயர் வைக்க முடியாது. 'உப்புக்கட்டி' என்று மகள் பெயர் சூட்டினாள். சுட்ட கத்தரிக்காயின் மேல் உதிர்த்துவிட்டால் அருமை.

தட்டைச் சுத்தம் செய்தவர்

இப்போது தாளுக்கு வருவோம். போனவை பத்தியில் கத்தரிக்காய், வெள்ளரி, மிளகு, இஞ்சி. வந்தவை பத்தியில் மது, ஆலிவ் எண்ணெய். இரண்டுமே நம் அடுப்படியில் நிலைக்கவில்லை. மூன்றாமவரிடம் வாங்கியவை பத்தி மட்டும் பக்கத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. கிரேக்கத் தட்டையும் ஆம்பூர்த் தட்டையும் உறவாக்கியது பெரும்பாலும் அந்த மூன்றாமவர்தான். அவரைத்தான் இரண்டு பக்கத்திலும் சிலருக்குப் பிடிக்காமல் போனது.

கிரேக்கத்தில் நிக்கோலாஸ் ட்ஸெலெமென்தேஸ் என்று ஒரு சமையல் மேதை இருந்தார். பிறப்பு 1878, இறப்பு 1958. வியன்னாவிலும் அமெரிக்காவிலும் வேலை பார்த்தவர். அவருடைய சமையல் புத்தகம் இல்லாத நடுத்தர வீடே இல்லை என்னும் அளவுக்குப் பரவியது. இன்றும் கிரேக்கத்தில் சமையல் புத்தகத்துக்கே 'ட்ஸெலெமென்தேஸ்' என்று சொல்வார்கள். துருக்கி ஆட்சியில் கிரேக்கச் சமையல் கெட்டுப்போனது, அதைச் சுத்தப்படுத்த வேண்டும் என்பது அவர் கொள்கை. மசாலாவைக் குறைத்தார், கிழக்கு வாசனை எல்லாவற்றையும் விரட்டப் பார்த்தார். காலியான இடத்தில் எதை வைத்தார்? வெண்ணெய், மைதா, பால் சேர்த்துக் காய்ச்சும் பிரெஞ்சுக்காரரின் வெள்ளைச் சாறு. இன்று உலகம் முழுக்கக் கிரேக்கத்தின் அடையாளமாகப் பரிமாறப்படும் மூசாக்காவின் மேல் தடிமனாக நிற்கும் வெள்ளை அடுக்கு அவர் பிரபலமாக்கியது. அதன் அடியில் இருப்பது கத்தரிக்காயும் கீமாவும். மூசாக்கா என்ற பெயரோ துருக்கி வழியாக வந்த அரபுச் சொல். ஒரு வெளியூர்க்காரரைத் துரத்தி இன்னொரு வெளியூர்க்காரரை உட்காரவைத்ததுதான் நடந்தது. துரத்தப்பட்டவரும் முழுதாகப் போகவில்லை.

நம் பக்கம் இவ்வளவு ஒழுங்காகப் புத்தகம் போட்டு யாரும் செய்யவில்லை. ஆனால் குரல்கள் உண்டு. பிரியாணி நம் உணவா, வந்த உணவா என்று ஒரு சண்டை. வந்ததுதான் என்றால் அது எப்படித் தமிழ் உணவு என்று ஒரு கிண்டல். எதைத் தட்டில் வைக்கலாம் என்பதில் இன்னொரு சண்டை. 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி பிரியாணி இடம்பெறாது என்றதும் எதிர்ப்புக் கிளம்பியது. மழையைக் காரணம் காட்டித் திருவிழா தள்ளிவைக்கப்பட்டது. அங்கே கேள்வி ருசியைப் பற்றியது இல்லை. ஊர்த் தட்டு என்று அரசு வரையும் வட்டத்துக்குள் யாருடைய அடுப்படி வரும், யாருடையது வராது என்பது.

ஒரு ஊரின் சமையலைப் பின்னோக்கிப் பிரித்துக்கொண்டே போனால் கடைசியில் சுத்தமான மூலம் ஒன்று கிடைக்கும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பழைய நிரலைத் திறந்து பார்க்கிறவர்களுக்கு இந்த நம்பிக்கை பழக்கமானது. முதல் பதிப்பு அழகாக இருந்திருக்கும், பின்னால் வந்தவர்கள்தான் கெடுத்தார்கள் என்று தோன்றும். திறந்து பார்த்தால் முதல் பதிப்பிலேயே யாரோ எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருப்பார்கள். ஆம்பூர் பிரியாணியில் காய்ந்த மிளகாயை எடுங்கள், அமெரிக்காவுக்குப் போகும். பெயரை எடுங்கள், பாரசீகத்துக்குப் போகும். சீரகச் சம்பாவும் பக்கத்துக் கத்தரிக்காயும் இங்கே நிற்கும். வெறும் சோறும் கத்தரிக்காயும் நல்ல சாப்பாடுதான், பூதன் போட்டதே அதுதானே. ஆனால் அதைச் சாப்பிட பெங்களூரு நெடுஞ்சாலையில் யாரும் வண்டியை நிறுத்த மாட்டார்கள்.

கடைசியாக வீட்டில் செய்தது 'தொல்மாதாக்கியா'. 'நிரப்பு' என்ற துருக்கி வினையிலிருந்து வந்த பெயர். திராட்சை இளம் இலையைக் கொதிநீரில் போட்டெடுத்து, அரைவேக்காட்டு அரிசி, வெங்காயம், புதினா வைத்துச் சுருட்டி, எலுமிச்சைச் சாறும் எண்ணெயும் விட்ட நீரில் வேகவைப்பது. திராட்சைப் பந்தல் உள்ள சொந்தக்காரர் வீட்டிலிருந்து இலை வந்தது. அரிசி சீரகச் சம்பா. சுருட்டுவதற்குள் மகளுக்கும் எனக்கும் போட்டி. இருபத்தெட்டுக்கு இருபத்தொன்று, அவள் ஜெயித்தாள்.

நீங்கள் செய்து பார்ப்பதானால் சுட்ட கத்தரிக்காயில் தொடங்குங்கள், அடுப்பும் பூண்டும் போதும். எண்ணெய் நல்லெண்ணெயாக இருந்தாலும் குற்றமில்லை, வேறு ருசி வரும், அவ்வளவுதான். எனக்கு ஒரு உதவி வேண்டும். பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காயை உங்கள் வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்கள்? கட்டாவா, தொக்கா, எண்ணெய்க் கத்தரிக்காயா, வேறு ஏதாவதா? ஊர்ப் பெயரோடு எழுதுங்கள். பாலாறு ஓரமாக எந்தப் பெயர் எந்த ஊரில் மாறுகிறது என்று ஒரு வரைபடம் போட ஆசை. தாளில் நான்காவது பத்தியைத் திறந்து வைத்திருக்கிறேன்.